மாத்திரையை நிறுத்திவிட்டு இசைவிழாவுக்குப் போகலாமா?

கடிதம் எழுதியவருக்கு வயது 34. தினமும் குடித்துக்கொண்டிருந்தவர். மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை எடுத்து, எட்டு மாதங்களாக ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. காலையில் மனைவி முன்னால், மது குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார். கல்லூரிக் காலத்தில் பேஸ் கிட்டார் வாசித்தவர். அந்தக் குழுவின் நண்பர்கள் நால்வரோடு ஆண்டுதோறும் மூன்று நாள் திறந்தவெளி இசைவிழாவுக்குப் போய், கூடாரம் போட்டுத் தங்குவது பத்து வருடப் பழக்கம். இந்த ஆண்டுக்கும் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. மனைவிக்குச் சம்மதமில்லை. நண்பர்களோ, "அதான் ஆல்கஹால் இல்லாத பீர் வந்துடுச்சே, அதைக் குடி, யாருக்குத் தெரியப்போகுது" என்கிறார்கள்.

அவருடைய திட்டம் இது. போவதற்கு மூன்று நாள் முன்பே மாத்திரையை நிறுத்திவிடுவது. யாராவது தவறுதலாகச் சரக்கு கலந்த தம்ளரைக் கையில் கொடுத்துவிட்டாலும் ஆபத்து வராதல்லவா? விழா முழுக்க ஆல்கஹால் இல்லாத பீரை மட்டும் குடிப்பது. "இதில் ஜெயித்துவிட்டால் நான் முழுசாகக் குணமாகிவிட்டேன் என்றுதானே அர்த்தம், டாக்டர்?" என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் அடியில் இரண்டு வரி: "பத்து வருடத்தில், கடைசி நாள் கடைசிக் குழு வாசித்ததை ஒரு தடவைகூட முழுசாகக் கேட்ட ஞாபகம் இல்லை. இந்தக் கடிதம் என் மனைவிக்குத் தெரியாது."

நண்பரே,

நீங்கள் அதிகம் எழுதியிருப்பது பீரைப் பற்றி. நான் மாத்திரையிலிருந்து தொடங்குகிறேன். அவசரம் அங்கேதான்.

குடிக்கிற ஆல்கஹாலை ஈரல் முதலில் அசிட்டால்டிஹைடாக மாற்றும். அது நச்சு. ஒரு நொதி அதை உடனுக்குடன் அசிட்டேட்டாக மாற்றி அப்புறப்படுத்திவிடும். டைசல்ஃபிராம் முடக்குவது அந்த நொதியைத்தான். அப்போது குடித்தால் நச்சு உடம்பிலேயே தேங்கி முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், குமட்டலும் வாந்தியும் வரும். சிலருக்கு ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முடங்கிய நொதி மறுபடி எழுந்திருக்காது. உடம்பு அதைப் புதிதாகச் செய்துகொண்டாக வேண்டும். அதனால்தான் கடைசி மாத்திரைக்கு 14 நாள் கழித்துக் குடித்தால்கூட இந்த விளைவு வரலாம் என்று எச்சரிக்கிறோம். மூன்று நாள் இடைவெளி உங்களை எதிலிருந்தும் காப்பாற்றாது.

இந்த மருந்தின் கதையே ஒரு தற்செயலில் தொடங்கியதுதான். 1940-களில் கோபன்ஹேகனில் யென்ஸ் ஹால்ட், எரிக் யாகோப்சன் என்ற இருவர், இது குடற்புழுவுக்கு மருந்தாகுமா என்ற ஆராய்ச்சியில் தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். பிறகு மது அருந்தியபோதுதான் வேறு எதையோ கண்டுபிடித்துவிட்டோம் என்பது அவர்களுக்குத் தெரிந்தது. அவர்களை அன்றைக்கு எச்சரிக்க யாரும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டுப் போவதை நீங்கள் முன்னெச்சரிக்கை என்று நினைக்கிறீர்கள். எனக்கு அது முன்பதிவு மாதிரிதான் தெரிகிறது. நீங்கள் பொய் எழுதியிருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. குடிநோய் பேச ஆரம்பிக்கும்போது பெரும்பாலும் இப்படித்தான், ரொம்பப் பொறுப்பான குரலில், பாதுகாப்பைப் பற்றியே பேசும். என் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இதே திட்டத்தை வேறு வேறு வார்த்தைகளில் சொன்னவர்கள் பலர். ஒருவர்கூட "குடிப்பதற்காக நிறுத்துகிறேன்" என்று சொன்னதில்லை.

மாத்திரையை மாற்ற வேண்டும் என்று தோன்றினால் அதற்கு முறையான வழி இருக்கிறது. உங்களுக்குச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் சில வாரங்களுக்கு முன்பே பேசுங்கள். நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் ஆல்கஹாலோடு இப்படி மோதுவதில்லை. குடிக்க வேண்டும் என்ற வேட்கையைத் தணிக்கவோ, மறுபடி குடியில் விழாமல் இருக்கவோ உதவுபவை அவை. ஆனால் நால்ட்ரெக்ஸோன் எடுப்பவர்களுக்கு மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை வலி மருந்துகள் சரியாக வேலை செய்யாது. கூட்டத்தில் விழுந்து கை முறிந்து மருத்துவக் கூடாரத்துக்குப் போனால் இதை அங்கே முதலிலேயே சொல்ல வேண்டும். எந்த மருந்து உங்கள் ஈரலுக்கும் உங்கள் வரலாற்றுக்கும் பொருந்தும் என்பதை உங்களைப் பரிசோதித்தவர்தான் முடிவு செய்ய முடியும். விழாவுக்காக நீங்களாக நிறுத்த வேண்டாம் என்பதை மட்டும் நான் உறுதியாகச் சொல்கிறேன்.

ஆல்கஹால் இல்லாத பீரில் ஆல்கஹால் இருக்கிறதா?

சிலவற்றில் இருக்கிறது. லேபிளில் 0.0 என்று போட்டிருப்பது ஒரு ரகம், 0.5 சதவீதம் வரை இருப்பது இன்னொரு ரகம். ஜெர்மனியில் 0.5 சதவீதம் வரை இருந்தாலும் 'ஆல்கஹால் இல்லாதது' என்று விற்கலாம். அமெரிக்காவில் 0.5-க்குக் கீழே இருந்தால் 'நான்-ஆல்கஹாலிக்' என்று போட்டுக்கொள்ளலாம். ஆகவே முன்பக்கத்துப் பெரிய எழுத்தை நம்பாமல், பின்பக்கத்துச் சின்ன எழுத்தில் இருக்கும் சதவீதத்தைப் படியுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 330 மில்லி கேனில் 0.5 சதவீதம் என்றால் ஆல்கஹால் சுமார் 1.3 கிராம். அதே அளவு 5 சதவீத பீரில் 13 கிராம். நம் உடம்பு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 7, 8 கிராமைக் கரைத்துவிடும். அதாவது இந்த 1.3 கிராம் பத்து நிமிட வேலை. டைசல்ஃபிராம் எடுக்காத ஒருவருக்கு இதனால் போதை ஏறப்போவதில்லை. உங்கள் நிலைமை வேறு. டைசல்ஃபிராம் எடுப்பவர்கள் 0.5 சதவீத பீரையும் தவிர்க்க வேண்டும். எந்த அளவில் யாருக்கு உடம்பு எதிர்வினை காட்டும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அதிலும் வெயிலில் நின்று வரிசையாக நாலைந்து கேன் குடிக்கிற இடம் அது.

சரி, அசல் 0.0 கிடைத்தால்? வேதியியல்படி உங்களுக்கு அநேகமாக ஆபத்தில்லை. ஆனாலும் குடிக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். இந்த பீர்களில் பலவும் முதலில் சாதாரண பீராகக் காய்ச்சப்பட்டு, பிறகு குறைந்த அழுத்தத்தில் ஆல்கஹால் மட்டும் பிரித்தெடுக்கப்பட்டவை. மணமும் கசப்பும் நுரையும் கெடாமல் இருக்கத்தான் அவ்வளவு பாடுபடுகிறார்கள். உங்கள் மூளைக்கு வேண்டியதும் அவைதான். 2013-இல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், போதை ஏற வாய்ப்பே இல்லாத அளவுக்குச் சில மில்லி பீரை ஆண்களின் நாக்கில் தெளித்து மூளையைப் படமெடுத்தார்கள். ருசி பட்ட மாத்திரத்தில், ஆல்கஹால் வேலை செய்யத் தொடங்கும் முன்பே, இன்பத்தோடு தொடர்புள்ள மூளை வேதிப்பொருளான டோபமைன் சுரப்பது தெரிந்தது. குடும்பத்தில் குடிநோய் உள்ளவர்களுக்கு அது இன்னும் தூக்கலாக இருந்தது.

ஆல்கஹால் இல்லாத பீரின் துணையால் குடியைக் குறைத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். எப்போதாவது அளவாகக் குடித்தவர்களுக்கு அது நல்ல மாற்றுதான். நீங்கள் அந்த ரகம் இல்லை. அதே நண்பர்கள், அதே மைதானம், அதே அந்தி நேரம், கையில் அதே நுரை. ஆல்கஹால் ஒன்றுதான் பாக்கி. நள்ளிரவில் அந்த 0.0 பீர் தீர்ந்துபோய் பார் ஊழியர் "சாதா பீர்தான் இருக்கு" என்று சொல்லும் நிமிடத்தை நினைத்துப் பாருங்கள்.

கையில் என்ன பிடிப்பது?

கை சும்மா இருந்தால்தான் "உனக்கு ஒண்ணு வாங்கிட்டு வரட்டுமா" என்று கேட்பார்கள். ஆகவே கையில் ஏதாவது இருக்கட்டும். உங்கள் பழைய பானத்தின் சாயல் துளியும் இல்லாததாக இருக்கட்டும்: எலுமிச்சை பிழிந்த சோடா, கோலா, ஐஸ் காபி, பழச்சாறு. மூடியோ வளையமோ உடைபடாததை நீங்களே வாங்கி, உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். பல விழாக்களில் கேனை அப்படியே தராமல் பிளாஸ்டிக் தம்ளரில் ஊற்றித்தான் கொடுப்பார்கள். சிக்கலே அங்கேதான் வரும். இருட்டில், இரண்டு கைகளாலும் ஐந்து தம்ளரை அணைத்துப் பிடித்து, கூட்டத்தை இடித்துக்கொண்டு வரும் நண்பனுக்கு எது யாருடையது என்று தெரியாது. கோலாவும் ரம் கலந்த கோலாவும் பார்வைக்கு ஒன்றுதான். எனவே உங்கள் ரவுண்டை நீங்களே வாங்குங்கள். கீழே வைத்துவிட்டுப் போன தம்ளரை மறுபடி தொடாதீர்கள். சந்தேகம் வந்தால் ருசி பார்க்க வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

ஆல்கஹால் இல்லாதது போலத் தோன்றும் சிலவற்றைப் பெயர் சொல்லி எச்சரிக்கிறேன். மாக்டெயில்களில் சில துளி பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு விடுவது உண்டு. பிட்டர்ஸில் பிரபலமான சில ரகங்களில் 40 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால். கொம்புச்சா புளிக்கவைத்த பானம். பாட்டிலுக்குள்ளும் தொடர்ந்து நொதிக்கும், வெயிலில் இருந்தால் இன்னும் வேகமாக. ஜிஞ்சர் பீர் என்ற பெயரில் மது உள்ளதும் இல்லாததும் இரண்டுமே விற்கிறது.

எனர்ஜி டிரிங்க் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் குடியை விட்டவர்கள் விழாக்களில் போய்ச் சேருவது பெரும்பாலும் அதில்தான். 250 மில்லி கேன் ஒன்றில் சுமார் 80 மில்லிகிராம் காஃபின். ஆரோக்கியமான பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 400 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. டைசல்ஃபிராம் காஃபின் உடம்பை விட்டு வெளியேறுவதையும் தாமதப்படுத்தும். படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை என்று வரும்போது, "ஒண்ணு போட்டா சரியாயிடும்" என்று மனசுக்குள் பழைய பாட்டு ஆரம்பித்துவிடும். ஒன்றோடு நிறுத்துங்கள், அதுவும் மாலைக்கு முன்.

தண்ணீரைத் தாகத்துக்கு ஏற்றபடி குடியுங்கள். தாகத்தையும் பசியையும் குடிவேட்கையாக எடுத்துக்கொள்வது குடியை விட்டவர்களிடம் சர்வசாதாரணம். அதற்காக லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீரை ஊற்றிக்கொள்ளவும் கூடாது. ரத்தத்தில் சோடியம் குறைந்து அது வேறு ஆபத்து. நிறைய வியர்த்தால் இரண்டு ஓஆர்எஸ் பொட்டலங்களை எடுத்துப் போங்கள். வெளியிலிருந்து பானம் கொண்டுவர அனுமதி இருக்காது, ஆனால் பல இடங்களில் காலி பாட்டிலை அனுமதித்து உள்ளே குழாயில் பிடித்துக்கொள்ள விடுவார்கள். மருத்துவக் காரணத்துக்காக ஏதாவது கொண்டுபோக வேண்டுமானால் வாசலில் நின்று வாதாடாமல், முன்கூட்டியே அமைப்பாளர்களுக்கு எழுதிப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டு பர்ஸில் இருக்கட்டும்.

அந்த இருபது நிமிடம்

வேட்கை வந்தால் குடிக்கும்வரை ஏறிக்கொண்டேதான் போகும் என்று நம்புகிறீர்கள் என்பது உங்கள் கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது. அப்படியில்லை. அது அலை மாதிரி எழும்பும், உச்சிக்குப் போகும், இறங்கிவிடும். ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை எதிர்த்து மல்லுக்கட்டாமல், அலைச்சறுக்குபவர் மாதிரி மேலேயே நின்று பார்க்கக் கற்றுக்கொடுத்தார். உடம்பில் எங்கே தெரிகிறது என்று கவனியுங்கள்: தொண்டையா, வயிறா, உள்ளங்கையா? கைபேசியில் மணி பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இருபது, முப்பது நிமிடத்துக்குள் அது தணிந்துவிடும்.

உங்கள் விஷயத்தில் அலை எப்போது வரும் என்பதைக்கூட ஊகிக்கலாம். ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏறும் இடைவேளையில். காதுக்கு வேலையில்லை, எல்லோரும் பாரை நோக்கி நடக்கிறார்கள். அந்த நேரத்துக்கு ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள்: சாப்பாடு, வேறு மேடை, மனைவிக்கு ஒரு போன். நிற்கும் இடத்தையும் மாற்றுங்கள். பார் பக்கம் வேண்டாம், ஒலிக்கலவை மேஜைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். கலப்பவர் அங்கே கேட்டுத்தான் ஒலியைச் சரிசெய்கிறார் என்பதால் மைதானத்திலேயே சமநிலையான ஒலி கேட்பது அங்கேதான். பேஸ் வாசித்தவருக்கு நான் சொல்லவா வேண்டும்.

நண்பர்கள் நால்வரிடமும் கிளம்பும் முன்பே உண்மையைச் சொல்லிவிடுங்கள். முக்கியமாக மாத்திரையைப் பற்றி. விளையாட்டுக்குக்கூட என் தம்ளரில் எதையும் கலந்துவிடாதீர்கள், ஆம்புலன்ஸில்தான் போவேன் என்று அப்பட்டமாகவே சொல்லலாம். கூட்டத்தில் யாரோ ஒருவர் நீட்டினால் விளக்கம் எல்லாம் வேண்டாம், "வேணாம், நான்தான் வண்டி ஓட்டணும்" போதும்.

குடிக்காமல் இசை கேட்பவர் நீங்கள் ஒருவர் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் இசைக்குழுவின் ரசிகர்களில் குடியையும் போதையையும் விட்டவர்கள், 1980-களிலிருந்தே 'வார்ஃப் ராட்ஸ்' என்ற பெயரில் மஞ்சள் பலூன் கட்டிய மேஜை போட்டு, இடைவேளையில் அங்கே கூடிப் பேசி, ஒருவரையொருவர் தாங்கிக்கொள்வார்கள். இடைவேளைதான் கண்டம் என்பதை எந்த டாக்டரும் சொல்லாமலே கண்டுபிடித்தவர்கள். அதே காலத்தில் பங்க் ராக் இசை ரசிகர்களிடையே மது வேண்டாம் என்ற கூட்டம் ஒன்று கிளம்பியது. பாரில் மது கொடுக்கக்கூடாத சிறுவர்கள் என்று அடையாளம் காட்ட அரங்குகள் கையில் போட்ட பெருக்கல் குறியை, அவர்கள் பெருமையோடு தாங்களே வரைந்துகொண்டார்கள். இன்று சில விழாக்களில் குடிக்காதவர்களுக்கென்றே தனிக் கூடாரப் பகுதியும் சந்திப்பு நேரமும் உண்டு. நீங்கள் போகும் விழாவில் இருக்கிறதா என்று அமைப்பாளர்களுக்கு எழுதும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

தவறி ஒரு வாய் போய்விட்டால்? உடனே மருத்துவக் கூடாரம். மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். முகம் சிவந்து மூச்சு வாங்கினால் யாரையாவது துணைக்குக் கூப்பிடுங்கள், தனியாகக் கூடாரத்தில் போய்ப் படுக்காதீர்கள். அதன் பிறகு வருவது மனசின் தந்திரம்: "எட்டு மாதமும் போச்சு, இனி என்ன." ஒரு சறுக்கலை முழு வீழ்ச்சியாக மாற்றுவது பெரும்பாலும் இந்த நினைப்புதான் என்று மார்லட் 1985-இல் எழுதினார். ஒரு வாயோடு நிற்பதற்கும் மூன்று நாள் குடிப்பதற்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. எட்டு மாதம் குடிக்காத உடம்புக்குப் பழைய தாங்குசக்தியும் இருக்காது. பழைய அளவே இப்போது ஆபத்து.

(இதைப் படிக்கும் வேறு சிலருக்காக ஒரு அடைப்புக்குறி. இப்போது தினமும் நிறையக் குடித்துக்கொண்டிருந்து, "விழாவுக்குப் போகிற அன்றோடு நிறுத்துகிறேன்" என்று நினைப்பவர்கள் அப்படிச் செய்ய வேண்டாம். திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மனக்குழப்பமும் பிரமையும் வரலாம். சரியாக நீங்கள் கூடாரத்தில் இருக்கும் நாட்கள். மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்துங்கள்.)

சரி, போகலாமா?

முதலில், இது பரீட்சை என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். மூன்று நாள் குடிக்காமல் திரும்பினால் குணமாகிவிட்டதாகவும் அர்த்தமில்லை, நடுவில் கிளம்பி வந்தால் தோற்றதாகவும் அர்த்தமில்லை. சர்க்கரை நோயாளி யாரும் இனிப்புக் கடையில் நின்று தன் கணையத்தைச் சோதித்துப் பார்ப்பதில்லை. நீங்கள் போக நினைப்பது இசைக்காக என்றால், இசையை மட்டும் எடுத்துக்கொள்ள வழி தேடுவோம்.

எனக்கு விழாவைவிடக் கூடாரம்தான் பயமாக இருக்கிறது. நள்ளிரவுக்குமேல், தூக்கம் கெட்டு, குடித்த நால்வரோடு ஒரே துணிக்கூரையின் கீழ், வீட்டுக்குத் திரும்ப வண்டி இல்லாத நிலையில் எட்டு மாதத்தை வைத்துச் சூதாட வேண்டாம். இந்த ஆண்டு கூடாரமே வேண்டாம். அடியோடு போகாமல் இருப்பதும் நல்ல முடிவுதான். அடுத்த ஆண்டும் விழா நடக்கும். ஆனால் டிக்கெட் எடுத்துவிட்டு வீட்டில் குமுறிக்கொண்டு உட்கார்வதிலும் ஆபத்து உண்டு என்பதால், உங்கள் மருத்துவரும் சரி என்றால் நான் சொல்வது ஒரே ஒரு நாள். அதுவும் கடைசி நாள். மதியத்துக்கு மேல் போய், கடைசிக் குழுவைக் கேட்டுவிட்டு அன்றிரவே திரும்புவது. வண்டிச் சாவி உங்களிடமோ, குடிக்காத இன்னொருவரிடமோ இருக்க வேண்டும். நடுவில் கிளம்பத் தோன்றினால் யாரிடமும் அனுமதி கேட்காமல் கிளம்பும் நிலையில் இருக்க வேண்டும்.

மனைவி விஷயம். இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். மாத்திரையை நிறுத்தும் திட்டமும் தெரிந்திருக்காது என்று ஊகிக்கிறேன். டைசல்ஃபிராம் நன்றாக வேலை செய்வதே ஒருவர் பார்க்க எடுத்துக்கொள்ளும்போதுதான்; எட்டு மாதமாக அந்த வேலையை அவர்தான் செய்திருக்கிறார். அவர் வேண்டாம் என்பது மூன்று நாள் கூடாரத்தையாக இருக்கலாம், இசையை இல்லை. கேட்டுப் பார்த்தால்தானே தெரியும். இந்தப் பதிலையே அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். அவருக்கும் ஒரு நாள் டிக்கெட் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். போகிற அன்று காலையிலும் வழக்கம்போல அவர் முன்னால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கடைசிக் குழு எத்தனை மணிக்கு மேடையேறுகிறது என்று பார்த்து, அதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் அங்கே இருக்கிற மாதிரி கிளம்புங்கள்.